சூப்பர்மேனைக் கேலிசெய்யும் உரிமை

அமெரிக்காவின் 'மேட்' பத்திரிகை 1953 ஏப்ரல்-மே இதழில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு படக்கதை வெளியிட்டது. பெயர் 'சூப்பர்டூப்பர்மேன்'. எழுதியவர் ஹார்வி கர்ட்ஸ்மன், வரைந்தவர் வாலி வுட். கதாநாயகன் கிளார்க் பென்ட் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் எடுபிடிப் பையனுக்கே எடுபிடி. கூனல் முதுகு, கசங்கிய சட்டை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையெல்லாம் கொட்டி, அங்கே வேலை பார்க்கும் லோயிஸ் பெய்னுக்கு ஒரு முத்துமாலை வாங்கித் தருகிறான். அவள் அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உடை மாற்றி மாவீரனாக வந்த பிறகும் அவன் குணம் மாறுவதில்லை. எதையும் ஊடுருவும் பார்வையை அவன் பெண்கள் கழிப்பறைச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்கத்தான் பயன்படுத்துகிறான். கடைசியில் தான் யார் என்பதை லோயிஸிடம் போட்டு உடைக்கிறான். அவளோ அதற்கும் மசியவில்லை. அற்பன் எந்த வேஷம் போட்டாலும் அற்பன்தான் என்கிற மாதிரி உதறிவிட்டுப் போய்விடுகிறாள்.

சூப்பர்மேனைக் கிண்டல் செய்தது இது முதல் தடவையல்ல. 1942இலேயே பால் டெரியின் கார்ட்டூன் நிறுவனம் மேலங்கி போர்த்திய எலி ஒன்றைப் பறக்கவிட்டிருந்தது. 'சூப்பர் மவுஸ்' என்று தொடங்கிப் பிறகு 'மைட்டி மவுஸ்' ஆனது அதுதான். ஆனால் எலி பறப்பது வெறும் வேடிக்கை. கர்ட்ஸ்மன் கேட்டது வேறு கேள்வி: அந்தக் கூச்ச சுபாவக் குமாஸ்தாவுக்கு நிஜமாகவே இந்தச் சக்தி கிடைத்தால் அவன் என்ன செய்வான்? அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு வந்த 'தீவிரமான' சூப்பர் ஹீரோ கதைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

அந்தக் கதையின் நடுவே ஒரு சண்டை வருகிறது. சூப்பர்டூப்பர்மேனோடு மோதுபவன் கேப்டன் மார்பிள்ஸ். நல்லது செய்து அலுத்துப்போய், காசுக்காகக் குற்றம் செய்யக் கிளம்பிய இன்னொரு மாவீரன். அன்றைய வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சிரித்திருப்பார்கள். அசல் வாழ்க்கையில் இந்தச் சண்டை பன்னிரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் நடந்தது.

1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். வாங்கிய நேஷனல் நிறுவனம்தான் பின்னாளில் டிசி காமிக்ஸ். 1940இல் ஃபாசெட் நிறுவனம் கேப்டன் மார்வெலைக் கொண்டுவந்தது. 'ஷஸாம்' என்று கத்தினால் பேப்பர் விற்கும் சிறுவன் மாவீரனாகிவிடுவான். விற்பனையில் அவன் சூப்பர்மேனையே விஞ்சினான். 1941இல் நேஷனல் வழக்குப் போட்டது. 1951இல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் நேஷனலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1953இல் ஃபாசெட் 4 லட்சம் டாலர் கொடுத்து, கேப்டன் மார்வெல் இதழ்களை நிறுத்திக்கொண்டு சமரசமானது. அதே ஆண்டில்தான் கர்ட்ஸ்மனின் கதையில் கேப்டன் மார்பிள்ஸ் தந்திரத்துக்கு ஏமாந்து தன் தலையில் தானே குத்திக்கொண்டு விழுகிறான்.

நேஷனல் 'மேட்' பத்திரிகையையும் மிரட்டியது. ஆனால் வழக்கு வரவில்லை. கர்ட்ஸ்மன் அதோடு நிற்கவும் இல்லை. பேட்மேனையும் ராபினையும் 'பேட்பாய்', 'ரூபின்' ஆக்கினார், பிறகு வொண்டர் உமனின் பெயரைத் தலைகீழாகப் புரட்டினார். ஓர் எழுத்தை மாற்றுவது வழக்கறிஞருக்குப் பயந்து செய்கிற வேலைதான். ஆனால் பெயர் மாறியவுடன் அந்தப் பாத்திரத்தின் மேல் எழுதுபவருக்கு முழு உரிமை வந்துவிடுகிறது. கிளார்க் கென்ட் கழிப்பறையை எட்டிப் பார்க்க முடியாது. அவனுக்கு முதலாளி இருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சத்துணவு விளம்பரங்கள் இருக்கின்றன. கிளார்க் பென்ட் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சூப்பர் ஹீரோ பகடியின் வரலாறு சொத்துரிமை போட்ட வேலியோரமாகவே வளர்ந்த வரலாறு என்பது என் துணிபு. அதன் நல்ல கண்டுபிடிப்புகள் பலவும் வேலியைத் தாண்ட முடியாமல் பக்கத்தில் பாத்தி கட்டியவர்களுடையவை.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கேப்டன் மார்வெல் கதைகளை மறுபதிப்புச் செய்துகொண்டிருந்த பதிப்பகத்துக்கு, ஃபாசெட் கடையை மூடியதும் சரக்கு நின்றுபோனது. மிக் ஆங்லோ என்பவரைப் பிடித்து, 1954இல் 'மார்வெல்மேன்' என்று ஒரு பதிலியை உருவாக்கிக்கொண்டார்கள். கறுப்பு முடி பொன்முடி ஆனது. 'ஷஸாம்' போய் 'கிமோட்டா' வந்தது. 'அட்டாமிக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து படித்தால் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். 1963 வரை ஓடி அதுவும் நின்றது.

மார்வெல்மேனைப் படித்து வளர்ந்த ஆலன் மூர் என்ற பையன், 'சூப்பர்டூப்பர்மே'னையும் ஒரு மறுபதிப்பில் படித்தான். இதே மாதிரி மார்வெல்மேனையும் கேலி செய்யலாமே என்று அப்போதே தோன்றியதாகப் பிற்காலத்தில் மூர் சொல்லியிருக்கிறார். 1982இல் 'வாரியர்' இதழில் அதை எழுத வாய்த்தபோது, கர்ட்ஸ்மனின் உத்தியை அப்படியே வைத்துக்கொண்டு சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டார். நடுவயதை எட்டிய மைக் மோரனுக்குத் தலைவலியும் கெட்ட கனவுகளும். ஒருநாள் கண்ணாடிக் கதவொன்றில் எழுதியிருந்த 'அட்டாமிக்' என்ற சொல் மறுபக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிகிறது. வாய்விட்டுப் படிக்கிறான், மறந்துபோன மாவீரன் திரும்பி வருகிறான். வீட்டுக்குப் போய் மனைவி லிஸ்ஸிடம் தன் பழைய சாகசங்களையெல்லாம் விவரிக்கிறான். கோமாளித்தனமான 1950களின் கதைகள் அவை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அவனோ, நீ சிரிப்பது என் வாழ்க்கையைப் பார்த்து என்று வெடிக்கிறான். பகடியின் சிரிப்பை மனைவி வாயில் வைத்து, அந்தச் சிரிப்பு எங்கே குத்துகிறது என்பதைக் கணவன் முகத்தில் காட்டிவிடுகிறார் மூர். அவர் பின்னால் எழுதிய 'வாட்ச்மென்' பெற்ற புகழில் பாதியாவது இந்தக் காட்சிக்குச் சேர வேண்டும்.

'வாட்ச்மென்' (1986-87) பிறந்த கதையும் வேலியோரக் கதைதான். டிசி அப்போது சார்ல்டன் என்ற சிறு நிறுவனத்தின் நாயகர்களை விலைக்கு வாங்கியிருந்தது. அவர்களை வைத்துத்தான் மூர் கதை எழுதித் தந்தார். அதைப் படித்த டிசி ஆசிரியர் டிக் ஜியோர்டானோவுக்குக் கதை பிடித்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பாத்திரங்களை இதன் கடைசிக்குப் பிறகு வேறெதற்கும் பயன்படுத்த முடியாது என்று தெரிந்தது. புதிய ஆட்களை உண்டாக்கிக்கொள்ளச் சொன்னார். அப்படித்தான் சார்ல்டன் நாயகன் 'கேள்விக்குறி'யின் முகமற்ற முகம் ரோர்ஷாக்கின் மைக்கறை முகமூடியானது; கேப்டன் ஆட்டம் நீலநிற டாக்டர் மன்ஹாட்டன் ஆனார். மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் அசல் பெயர்களோடே எழுதியிருந்தால், எந்த மாதச் சந்தாக்காரரும் மறந்துவிடும் ஒரு 'மாற்றுக் கதை'யாகவே அது போயிருக்கும்.

இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம். 1984இல் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் இருவரும் ஃபிராங்க் மில்லரின் 'டேர்டெவில்' கதைகளைக் கேலி செய்து, தாங்களே சுமார் 3,000 பிரதி அச்சடித்த கறுப்புவெள்ளைப் புத்தகம்தான் 'நிஞ்சா ஆமைகள்'. மில்லரின் கதையில் எதிரிக் கூட்டத்துக்குக் 'கை' என்று பெயர், ஆமைகளின் எதிரிகளுக்குப் 'பாதம்'. அங்கே குரு 'குச்சி', இங்கே குரு 'சிலும்பு'. காலை உணவுத் தட்டிலும் பள்ளிப் பையிலும் அந்த ஆமைகளைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு இது ஒரு நக்கல் என்றே தெரியாது. டிசியின் ஸ்லேட் வில்சனைப் பார்த்து மார்வெலில் வேட் வில்சன் என்ற டெட்பூல் வந்ததும் இந்த வகைதான். 'தி பாய்ஸ்' படக்கதையை டிசியின் கிளை நிறுவனம் ஆறு இதழோடு கைகழுவியது. அது வேறு பதிப்பகத்துக்குப் போய், 2019இல் அமேசானில் தொடராக வந்தது. அதில் வரும் ஹோம்லேண்டர், அமெரிக்கக் கொடியைப் போர்த்திய ஒரு கொலைகாரக் குழந்தை. அவனை நிஜமாகவே தலைவனாகக் கொண்டாடும் ரசிகர்களும் இருக்கிறார்கள் என்பது பகடிக்காரர்கள் யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடாத விஷயம்.

வேலிக்கு வெளியே கட்டிய பாத்திகள் இப்போது யார் கையில்? 'மேட்' பத்திரிகை 1960களுக்குள்ளேயே நேஷனலின் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. சூப்பர்மேனுக்கும் சூப்பர்டூப்பர்மேனுக்கும் ஒரே முதலாளி. கேப்டன் மார்வெலை, வழக்குப் போட்டு ஒழித்த டிசியே 1972இல் உரிமம் பெற்று மறுபடி வெளியிட்டது. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தின் ஆட்சேபத்தால் 'மிராக்கிள்மேன்' என்று பெயர் மாற வேண்டியிருந்த மார்வெல்மேனை 2009இல் அதே மார்வெல் வாங்கியது. ஆமைகள் அதே ஆண்டில் 6 கோடி டாலருக்கு வயாகாமுக்குப் போனார்கள். 'வாட்ச்மென்' அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தம். புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. மூர் தன் பெயரைத் திரைப்படங்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டார்.

அமெரிக்க விமர்சகர்கள் எழுதும் பகடி வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். அவர்கள் பார்வையில் படாத, அல்லது பட்டாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிற இன்னொரு மரபு உண்டு. அதில் யாரும் பெயரை மாற்றவில்லை. மாற்றச் சொல்லும் வக்கீல் கடிதம் எதுவும் அங்கே வந்து சேரவில்லை.

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் உள்ள மாலேகாவ் விசைத்தறி ஊர். நெசவாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை தறிக்கு விடுமுறை, சினிமாவுக்குக் கூட்டம். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த நசீர் ஷேக், இரண்டு வீடியோ பிளேயர்களை இணைத்து, வெளிநாட்டுப் படங்களை வெட்டி ஒட்டித்தான் படத்தொகுப்பு கற்றுக்கொண்டார். 2000இல் சுமார் 50,000 ரூபாயில், இந்திப் படமான 'ஷோலே'யைப் பகடி செய்து 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். ஊரில் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்து சில ஆண்டுகளில் அவர் ஹாலிவுட்டுக்கே போனார்: 'மாலேகாவ் கா சூப்பர்மேன்'. அந்தப் படப்பிடிப்பைக் கூடவே இருந்து பதிவு செய்தவர் ஃபைஸா அகமது கான். அவருடைய ஆவணப்படம் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' 2008இல் வந்தது.

சூப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் ஷேக், விசைத்தறித் தொழிலாளி. உடம்பில் எலும்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சொல்லும்படியான மெலிந்த தேகம். பேண்டுக்கு மேலே ஜட்டி என்பது உலகத்துக்கே தெரிந்த சூப்பர்மேன் நகைச்சுவை. மாலேகாவில் அது நாடா வைத்த கால்சட்டை, நாடா வெளியே தொங்குகிறது. காலில் ரப்பர் செருப்பு. வில்லனுக்கு அணுகுண்டு, உலகத்தை ஆள்வது போன்ற ஆசையெல்லாம் கிடையாது. ஊர் அழுக்காக வேண்டும், எல்லாரும் புகையிலை போட்டுக் கண்ட இடத்தில் துப்ப வேண்டும், அவ்வளவுதான். புழுதியிலும் புகையிலும் பறந்து பறந்து சூப்பர்மேனுக்கே மூச்சிரைப்பு வந்துவிடுகிறது. பறக்கும் காட்சிக்குப் பச்சைத் துணி கட்டினார்கள். சைக்கிள் டிராலியானது, மாட்டுவண்டி கிரேனானது. இருந்த ஒரே கேமரா நடுவில் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. அதை ரிப்பேர் பார்க்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். போதாக்குறைக்குப் படப்பிடிப்பு நடுவே சூப்பர்மேனுக்குக் கல்யாணம்.

இதையெல்லாம் 'வசதியில்லாதவர்களின் வேடிக்கையான முயற்சி' என்று வெளியூர்த் திரைவிழாக்கள் கொண்டாடின. எனக்கு அந்தக் கைதட்டலில் உடன்பாடில்லை. நசீரின் படத்தில் வருகிற நகைச்சுவையில் பாதி வசதியின்மையால் நேர்ந்ததல்ல, யோசித்து எழுதப்பட்டது. மூச்சிரைப்பு ஒரு திரைக்கதை முடிவு. தறிச் சத்தமும் பஞ்சுத் தூசியும் நிறைந்த ஊரில் பிறந்த ஒருவருக்குத்தான் அது தோன்றும். கர்ட்ஸ்மனும் மூரும் இந்தச் சக்தி மனிதனை என்ன செய்யும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் அதிகாரத்தை அருகிலிருந்து பார்த்த நாடுகளின் கவலை இருக்கிறது. நசீர் கேட்டது: இந்தச் சக்திமான் எங்கள் தெருவுக்கு வந்தால் தாக்குப்பிடிப்பானா? 2006இல் குண்டுவெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட ஊர் அது. வெளியுலகம் மாலேகாவைச் செய்தியில் பார்த்தது அப்படித்தான். அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்களைத் திரையில் வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருந்தது. வில்லன் புகையிலைக்காரன் என்பதைப் பிறகு நினைத்துப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஷஃபீக் 2011இல் புற்றுநோயால் இறந்துபோனார்.

நசீரின் இதே கேள்வியை மெக்சிகோ இன்னும் முன்பே கேட்டிருந்தது. ரொபெர்த்தோ கோமெஸ் பொலானியோஸ் 1970களில் தொலைக்காட்சியில் நடித்த 'எல் சாபுலின் கொலொராடோ', அதாவது சிவப்பு வெட்டுக்கிளி, லத்தீன் அமெரிக்கா முழுவதும் வீட்டுக்கு வீடு தெரிந்த நாயகன். குள்ளம், பயந்தாங்கொள்ளி, கதவில் நுழையும்போதே தடுக்கி விழுவான். கையில் பீப்பீ என்று கத்தும் பொம்மைச் சுத்தியல். அவனுக்குப் போட்டியாக அவ்வப்போது 'சூப்பர் சாம்' வருவார். சூப்பர்மேன் உடை, அங்கிள் சாமின் தொப்பியும் தாடியும், ஆயுதம் ஒரு டாலர் மூட்டை. ஆபத்தில் மாட்டியவர்கள் அவர் உதவியை வேண்டாம் என்று சொல்லி வெட்டுக்கிளியைத்தான் கூப்பிடுவார்கள். வடக்கே இருக்கும் பெரிய அண்டைநாட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு தலையங்கம் எழுதிவிட முடியாது.

1985 செப்டம்பர் நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரில் பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். இருந்த வீடுகளிலிருந்தும் வாடகைக்காரர்களை முதலாளிகள் துரத்தத் தொடங்கினார்கள். 1987இல் சிவப்பு மஞ்சள் உடையும் மல்யுத்த முகமூடியும் அணிந்து, மார்பில் இரண்டு எழுத்தைப் பொறித்துக்கொண்டு 'சூப்பர்பாரியோ' தெருவில் இறங்கினார். பாரியோ என்றால் பேட்டை. பறக்கவோ சுவரை உடைக்கவோ இல்லை. வீட்டைக் காலி செய்யவைக்க வந்த ஆட்கள் முன் போய் நின்றார், அதிகாரிகளின் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனார். முகமூடிக்காரருக்கு அதிகாரி பதில் சொல்லும் படம் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். கேலி உடை இங்கே வேலை உடையாகிவிட்டது.

தமிழில் மேலங்கி நாயகர்கள் அதிகம் வேரூன்றவில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியே இரும்புக்கை மாயாவி போன்றவர்கள் வந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் கதைகளின் ஆட்கள், நாம் அவர்களைக் கேலி செய்யாமல் நேசித்தோம். நம் வானத்தில் பறந்தவர்கள் வெள்ளித்திரையின் மாஸ் ஹீரோக்கள். ஆகவே நம் பகடியும் அவர்களைத்தான் குறிவைத்தது: சி. எஸ். அமுதனின் 'தமிழ்ப்படம்' (2010) ஒரு பாட்டு முடிவதற்குள் கோடீஸ்வரனாகிவிடும் நாயகனை வைத்து விளையாடியது. வழக்கு எதுவும் தேவைப்படவில்லை, நம்மிடம் காட்சிகளுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, ரசிகர் மன்றங்கள்தான் இருந்தன. அது இன்னொரு வகை வேலி, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பெயரை மாற்றாமலே அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு எடுத்தால் என்ன ஆகும்? இயக்குநர் வீரா ட்ரூ 2022இல் அதைச் செய்து பார்த்தார். 'ஜோக்கர்' படத்தை மறுபடி வெட்டித் தொகுக்கும் விளையாட்டாகத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்களின் கைவண்ணத்தோடு 'தி பீப்பிள்ஸ் ஜோக்கர்' என்று அவர் எடுத்த படம், தான் ஒரு திருநங்கை என்று உணர்ந்த கதையை ஜோக்கர் வேஷத்தில் சொல்கிறது. டொராண்டோ திரைவிழாவில் ஒரே ஒரு காட்சி ஓடியது. டிசியின் உரிமையாளரான வார்னரிடமிருந்து வந்த கடிதத்தால் மீதிக் காட்சிகள் ரத்து. திரையரங்குக்கு வர 2024 ஆனது. நசீரும் ட்ரூவும் தொடங்கிய விதம் ஒன்றே, பிறர் படத்தை வெட்டியது. ஆனால் ட்ரூவுக்கு 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு துணைக்கு இருந்தது: காசுக்காகச் செய்தாலும் பகடி நியாயமான பயன்பாடாகலாம். அதில் ஒரு கிடுக்கிப்பிடியும் உண்டு. எதை எடுத்துக்கொண்டீர்களோ அதையே கேலி செய்ய வேண்டும். அதை வைத்து வேறெதையோ கேலி செய்தால் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். மாலேகாவ் படம் சூப்பர்மேனைக் கேலி செய்கிறதா, மாலேகாவின் புழுதியையா? ஓர் அமெரிக்க நீதிபதி முன் நசீர் நிற்க நேர்ந்திருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலோ விமர்சனத்துக்கு விலக்கு உண்டு, பகடி என்று தனியாக எதுவும் இல்லை.

நசீரின் கதை இப்போது வேலிக்குள் வந்துவிட்டது. ரீமா காக்டி இயக்கிய 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' 2024இல் டொராண்டோவில் திரையிடப்பட்டு 2025 பிப்ரவரியில் வெளியானது. ஆதர்ஷ் கவுரவ் நசீராகவும் ஷஷாங்க் அரோரா ஷஃபீக்காகவும் நடித்த நல்ல படம் அது. ஷஃபீக்கை வேடிக்கைப் பொருளாக்காமல் மையத்தில் நிறுத்துகிறது. அதை வழங்கிய அமேசான்தான் 'தி பாய்ஸ்' தொடரையும் வழங்குகிறது. பெயர் மாற்றியவர்களும் மாற்றாதவர்களும் கடைசியில் ஒரே கடையில்.

அமெரிக்காவில் 1938இன் முதல் சூப்பர்மேன் கதை 2034 ஜனவரி 1 அன்று பதிப்புரிமையிலிருந்து விடுபடும். பேட்மேனுக்கு மறு ஆண்டு. யார் வேண்டுமானாலும் கிளார்க் கென்ட் என்ற பெயரிலேயே எழுதலாம், வணிகச் சின்னத்தில் மட்டும் கை வைக்காமல். அன்று பகடி பூத்துக் குலுங்கும் என்று நான் நம்பவில்லை. கரடிப் பொம்மை வின்னி த பூ விடுதலையானதும் அதைக் கத்தியோடு அலையவிட்ட ஒரு மட்டமான பேய்ப்படம்தான் முதலில் வந்தது. தவிர, விடுதலையாகப்போவது நமக்குத் தெரிந்த சூப்பர்மேனும் அல்ல. 1938இன் அந்த முதல் ஆளுக்குக் கிரிப்டோனைட் என்றால் என்னவென்று தெரியாது. ஊடுருவும் பார்வை இன்னும் வரவில்லை. பறக்கவும் வராது, மைலில் எட்டில் ஒரு பங்கு தூரத்துக்குத் தாவுவான், அவ்வளவுதான். பறக்கிற சூப்பர்மேனுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.